நான்காயிரம் அடியில் இன்ஜினை அணைப்பது

பிப்ரவரி 6, வியாழன்

பம்புசெட் டீலர் ஒருவர் பொங்கலுக்குக் கொடுத்த டயரி. ஜனவரிப் பக்கங்கள் அப்படியே காலி. இன்று சோதனை நல்லபடி முடிந்ததால் ஆரம்பிக்கிறேன்.

இன்ஜினை அணைத்து, மின்மோட்டாரில் மட்டும் புரொப்பெல்லரை ஓடவிட்டு, பிறகு அதே மோட்டாரால் இன்ஜினைச் சுழற்றி மறுபடி ஓட்டினோம். எத்தனை தடவை செய்தாலும் பிடித்துக்கொண்டது. எல்லாம் தரையில்தான். இதையே நான்காயிரம் அடி உயரத்தில் செய்து காட்ட வேண்டும். அதுதான் மீதியிருக்கும் பெரிய சோதனை.

விமானத்தின் பெயர் தகைவிலான், ஓயாமல் பறக்கும் அந்தச் சிறு பறவையின் பெயர். இரண்டு பேர் உட்காரலாம். மூக்கில் ஒரு பெட்ரோல் இன்ஜின், அதோடு கிளட்ச் வழியாகச் சேரும் ஒரு மின்மோட்டார். மேலேற இரண்டும் ஓடும், மேலே போனபின் ஒன்று போதும். மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் என் பொறுப்பு. பறக்கும் முன் விமானம் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவதும் நான்தான். முப்பது வருஷம் கோயமுத்தூரில் பம்புகளுக்கு மோட்டார் வடிவமைத்த தெய்வசிகாமணியாகிய என்னை விமானத்துக்கு அழைத்து வந்தது முதலாளி ஜெயவரதன். கிணத்துக்கடவைத் தாண்டி அவருடைய மில் குடும்பத்துக்கு ஒரு பழைய ஓடுபாதை இருக்கிறது. அங்கேதான் எங்கள் கொட்டகை.

இதுவரை எல்லாப் பறத்தலும் ஓய்வுபெற்ற விமானப்படை பைலட் சிவதாணு சார் செய்தவை. ஒரு குறையும் இல்லை.

வரும்போது கிரைண்டர் பெல்ட் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சிவதாணு சாருக்கு விழித்திரையில் கோளாறாம். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், மாதக்கணக்கில் பறக்க முடியாது. போனில் அவரே சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

சித்திரை கழிந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு ஐப்பசி வரை இந்த ஓடுபாதையில் சோதனை எதுவும் நடக்காது. பறக்கும் அனுமதியும் அதற்குள் காலாவதியாகிவிடும். அதனால் இன்ஜின் அணைக்கும் சோதனையை இரண்டாவது பைலட் செய்வார் என்று ஜெயவரதன் அறிவித்தார்.

இரண்டாவது பைலட் பூங்கோதை. வடக்கே ஒரு பறக்கும் பள்ளியில் பயிற்றுநராக இருந்தாள். சோதனைப் பறத்தலுக்கென்று தனிப் படிப்பும் முடித்தவள். டிசம்பரில் இங்கே சேர்ந்தாள்.

என் மகள்.

பெல்ட் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடுமுறை. பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டத்தால் பொள்ளாச்சி ரோட்டில் கார் ஊர்ந்துதான் போனது. கொட்டகையில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை.

பேட்டரியின் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் இன்ஜினைச் சுழற்றாதபடி பெட்டியில் ஓர் எல்லை வைத்திருக்கிறோம். பலவீனமான பேட்டரியில் கனமான இன்ஜினைச் சுழற்றப் போய் மோட்டாரே நின்றுவிடக் கூடாது, அதற்காக. நானும் எட்வினும் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு செய்த அளவு. இன்று அதைக் கொஞ்சம் உயர்த்தினேன். கூடுதல் பாதுகாப்பு இருந்தால் நல்லதுதானே. தரையில் ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நாளை பறப்பதாக இருந்தது. பெட்ரோல் குழாயின் கிளிப் ஒன்றில் துரு மாதிரி தெரிந்ததால் ஒத்திவைக்கச் சொன்னேன். துடைத்துப் பார்த்தபோது கிரீஸ் கறை. இருந்தாலும் கிளிப்பை மாற்றிவிட்டோம்.

வயிறு சரியில்லை. மனைவி சாந்தாமணி கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

மறுபடியும் ஒத்திவைப்பு. வெப்பமானி காட்டும் அளவில் எனக்குச் சந்தேகம். புதியதைப் பொருத்தினோம். அதுவும் அதே அளவைத்தான் காட்டியது.

பிப்ரவரி 24, திங்கள்

ஜெயவரதன் அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். காபி வரவழைத்துவிட்டுத்தான் பேசினார். சிவதாணு சார் பறந்த நாட்களில் நான் ஒரு தடவைகூட விமானத்தை நிறுத்தியதில்லை, இந்த இரண்டு வாரத்தில் நான்கு தடவை நிறுத்தியிருக்கிறேன், காரணம் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார். விமானம் பழசாகிறது, கண்ணில் படுவதைச் சொல்வது என் வேலை என்றேன். இங்கே நான் எழுதாத இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். காபியில் சர்க்கரை அதிகம்.

எட்வினிடமும் கேட்டிருப்பார் போல. எட்வின் நாகர்கோவில்காரர். இன்ஜினும் கிளட்சும் அவர் பொறுப்பு. மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார், ஆனால் கிரிக்கெட் மட்டுமே பேசினார்.

மார்ச் 3, திங்கள்

காலை ஆறரைக்குக் காற்றே இல்லை. கோதை உள்ளே ஏறி பெல்ட்டும் மாட்டிவிட்டாள். இன்ஜினை ஓடவிட்டு கிளட்சைச் சேர்க்கும்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. தகரத்தில் நகம் உரசுவது போல, மெல்லிசாக. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஜெயவரதன் கொட்டகைக்குத் திரும்பி நடந்தார்.

கோதை இறங்கி வந்தாள். மற்றவர்கள் முன்னால் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள். இன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"அப்பா, இது நெசக் குறையா, இல்ல போன மாசத்துக் குறையா?"

நிஜம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தம் கேட்டது உண்மை. ஆனால் கேட்டதா, நான் கேட்க வைத்துக்கொண்டேனா என்று எனக்கே பிடிபடவில்லை. முப்பது வருஷமாக மோட்டார் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொன்ன ஆள் நான்.

"தெரியலம்மா" என்றேன்.

"அப்ப தெரிஞ்சவங்க பாக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

விமானம் பறக்கத் தகுதியானதா என்று பார்க்கும் பொறுப்பை இந்தச் சோதனை முடியும்வரை எட்வினே எடுத்துக்கொள்ளட்டும் என்று நானே ஜெயவரதனிடம் போய்ச் சொன்னேன். உடனே சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று நான் நினைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எட்வின் கிளட்சை முழுக்கக் கழற்றிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். நன்றி சொன்னேன்.

மார்ச் 8, சனி

மாடித் தொட்டியில் மிதவை வால்வு மாற்றினேன். வேலை செய்துகொண்டே சாந்தாமணியிடம், கோதைதான் பைலட் என்பதை இதுவரை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன், புதன்கிழமை பறக்கிறாள் என்றேன். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டபடியே சொன்னாள்.

"எங்கிட்டத்தானுங்க மொதல்ல வந்து கேட்டா. போ அம்மிணின்னு சொல்லீட்டேன். உங்களுக்குத் தாங்காதுன்னுதான் நானும் அதப்பத்திப் பேசல."

எனக்குத் தாங்காது என்று யார் சொன்னது என்று கேட்டேன். ஒரு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைக்கிறேனாம். வெயில் காலம், பசிக்கவில்லை.

வால்வு கசிகிறது. வாஷர் சரியில்லை.

மார்ச் 12, புதன்

ஏழு மணிக்குள் மேலேறிவிட்டாள். மேலே என்ன நடக்கிறது என்பதைத் தரையில் கம்ப்யூட்டர் திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயவரதன் ரேடியோவில். நான்காயிரம் அடி போனதும் இன்ஜினை அணைத்தாள். "இன்ஜின் ஆஃப். மோட்டார்ல பறக்கறேன். நல்லா இருக்குதுங்க" என்றாள். ஜெயவரதன் என் தோளைத் தட்டினார்.

மோட்டாரில் மட்டும் வட்டமடித்தாள். பேட்டரி கணக்குப்படிதான் இறங்கியது. திட்டமிட்ட நேரம் முடிந்ததும் இன்ஜினைக் கிளப்பப் பார்த்தாள். கிளம்பவில்லை. மறுபடி முயன்றாள். "கிளட்ச் சேரவே மாட்டேங்குது" என்றாள். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது தடவையும் இல்லை. என் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. எட்வின்தான் போதும், திரும்பி வரச் சொல்லுங்கள் என்றார்.

ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினாள். எதிர்க்காற்று லேசாக எழும்பியிருந்தது. பேட்டரி தீரத் தீர மோட்டாரின் பலம் குறைந்தது. உயரத்தைக் கொடுத்துத்தான் தூரத்தை வாங்கினாள். தென்னந்தோப்புக்கு மேலே வரும்போது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. தோப்பைத் தாண்டிவிட்டாள். வேலியைத் தாண்டவில்லை. மக்காச்சோளம் அறுத்த காட்டில் இறங்கி, கொஞ்ச தூரம் ஓடி, மூக்கு சாய்ந்து நின்றது.

நாங்கள் போய்ச் சேரும்போது இறக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உதடு கிழிந்து ரத்தம். வேறு காயம் இல்லை. முன்சக்கரம் மடங்கிவிட்டது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று எட்வினிடம் சொன்னாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

நான் வேகமாகத்தான் நடந்துபோனேன். வழியில் கிடந்ததாகச் சொல்லி எட்வின் என் செருப்பு இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

காட்டுக்காரருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அறுப்பு முடிந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

சிவப்புக் கட்டத்தில் இருந்தது இதுதான்: மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே, இன்ஜினைச் சுழற்ற அனுமதி இல்லை.

தரையில் எப்போதும் நிறைந்த பேட்டரியில்தான் சோதித்தோம். மேலே இருந்தது, கொஞ்ச நேரம் பறந்து சார்ஜ் இறங்கிய பேட்டரி. பழைய எல்லை இருந்திருந்தால் முதல் முயற்சியிலேயே கிளட்ச் சேர்ந்திருக்கும். கணக்கை நான்கு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். தைப்பூசத்தன்று நான் உயர்த்திய அந்தக் கொஞ்சம்தான் தடுத்திருக்கிறது. எட்வின் அதைப் பார்க்கவில்லை. அது என் பெட்டி, மாற்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்தில் சொன்னேன். எல்லையை நான் உயர்த்தினேன், யாரையும் கேட்கவில்லை, காரணம் அதுதான். எட்வின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயவரதன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். ராஜினாமா எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "நீங்க போயிட்டா இதைச் சரி பண்றது யாரு? இனி எட்வினும் நீங்களும் சேர்ந்தே கையெழுத்துப் போடுங்க" என்றார். அந்தக் குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. அதுவே நல்லதாக இருந்தது.

கோதை கூட்டத்துக்கு வரவில்லை. உதட்டில் தையல்.

மார்ச் 18, செவ்வாய்

பெங்களூரிலிருந்து ஒரு பைலட் வர ஒத்துக்கொண்டாராம். வயதானவர், அனுபவசாலி. கோதைக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஜெயவரதன் நினைக்கிறார். நல்ல யோசனை என்றேன்.

ஒரு மாதமாக நான் கேட்க நினைத்தது இதைத்தான். கேட்காமலே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

கோதை மாடி அறையில் பழைய புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பறக்கும் பள்ளியில் அவள் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். சாந்தாமணி சொன்னாள்.

மார்ச் 22, சனி

மதியம் மாடிக்குப் போனேன். ஃபேன் சுற்றவில்லை என்பதற்காகத்தான் போனேன். கெப்பாசிட்டரை மாற்றினேன். ஏணியிலிருந்து இறங்கியபின் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எது எல்லை, அது என்ன செய்யும், எவ்வளவு உயர்த்தினேன்.

"எட்வின் சார் சொன்னாருங்கப்பா" என்றாள். பிறகு, "என்னைக்கு மாத்துனீங்க?" என்று கேட்டாள்.

"நீதான் பைலட்டுன்னு சொன்ன மறுநாள்."

அவள் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சிவதாணு சார் பறந்திருந்தா மாத்தியிருப்பீங்களா?"

"இல்ல."

பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டியபடி, அன்றைக்குத் தென்னந்தோப்பின் மேலே வரும்போது பயந்துபோனதாகச் சொன்னாள். பத்து நாளாகக் கண்ணை மூடினால் அந்தத் தென்னை மட்டைகள்தான் வருகின்றனவாம். என் மேல் கோபமா என்று கேட்டேன். கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் புத்தகங்களை அடுக்குவது அதனால் இல்லை என்றாள். மறுபடி இன்ஜினை அணைக்கக் கை வருமா என்று தெரியவில்லையாம்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பேட்டரி எந்த அளவு வரை இறங்கினால் இன்ஜினைச் சுழற்ற முடியும், எந்த அளவுக்குக் கீழே முடியாது என்பதைத் தரையில், பாதி தீர்ந்த பேட்டரியில் செய்து காட்டுகிறேன், நீயே வந்து பார் என்றேன். பார்த்தபிறகு பெங்களூர்க்காரர் பறந்தாலும் சரி, நீ பறந்தாலும் சரி, நான் ஒரே மாதிரிதான் கையெழுத்துப் போடுவேன் என்றேன்.

"போடுவீங்களா?"

"போடுவேன்."

ஃபேன் இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

மார்ச் 27, வியாழன்

எல்லையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. இந்தத் தடவை எட்வின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், ஜெயவரதனும் பார்த்தார். முன்சக்கரம் புதியது.

பாதிப் பேட்டரியில், பிறகு அதற்கும் கீழே, திரும்பத் திரும்ப அணைத்துக் கிளப்பினோம். கோதை எங்கள் பக்கம் வராமல் கொட்டகைக் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லையைத் தொடும் இடத்தில் ஒரு தடவை இன்ஜின் தயங்கித்தான் பிடித்தது. அப்போது கிட்டே வந்து, இன்னொரு தடவை என்றாள். அதன் பிறகு நான் நகர்ந்துகொண்டேன். பொத்தானை அவளே அழுத்தினாள். வெயில் ஏறும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மார்ச் 29, சனி

பெங்களூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோதைதான் ஜெயவரதனிடம் பேசினாள். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். மின்னழுத்தத்தை விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும், ரேடியோவில் கேட்டு முடிவெடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. நியாயமான கோரிக்கை. எட்வின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ, அந்த இருக்கைக்கு ஆகாது. மிச்சம் நான்தான்.

சாந்தாமணி கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

ஏப்ரல் 2, புதன்

பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டேன். எட்வினும் போட்டார். கிளிப், வெப்பமானி, கிளட்ச் எல்லாம் பார்த்தேன். குறை இல்லை. இல்லாததால் எழுதவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பயணிகள் விமானத்தில் போயிருக்கிறேன். இது வேறு. கிளம்பிய தரை முழங்காலுக்குக் கீழேயே தெரிகிறது. நான் மடியில் வைத்திருந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான்காயிரம் அடி. கோதை என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். இன்ஜினை அணைக்கும் பொத்தானில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினாள். இன்ஜின் நின்றது. மோட்டாரின் சத்தம் மட்டும். நான் சுற்றிய கம்பி, நான் செய்த பெட்டி. மேலே அதை முதல் தடவையாகக் கேட்டேன். கரகரப்பு இல்லை.

"வெளிய பாருங்கப்பா" என்றாள்.

வேலை இருக்கிறது என்றேன். மின்னழுத்தம் இறங்க இறங்கப் படித்துச் சொன்னேன். போன தடவை அவளைத் தடுத்த அளவு வந்தது. அந்த எண்ணை மற்ற எண்களைப் போலவே சொல்ல முயன்றேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கவிட்டு, இப்போது கிளப்பலாம் என்றேன். கிளட்ச் சேர்ந்தது. இன்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ரேடியோவில் கீழே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்றும் புரியவில்லை. கோதை மூச்சை விட்டாள். அவள் கழுத்தெல்லாம் வியர்வை. அப்போதுதான் வெளியே பார்த்தேன். ஆனைமலை ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம். நடுவில் தென்னை, காற்றாலைகள். காற்றாலை எதுவும் சுற்றவில்லை.

இறங்கலாமா என்று கேட்டாள். திட்டப்படி, உள்ளே இருப்பவர்கள் இருவரும் சம்மதித்தால் இரண்டாவது முறையும் செய்து பார்க்கலாம். கட்டாயம் இல்லை.

"சார்ஜ் ஏறட்டும்" என்றேன். "இன்னொரு தடவை அணைச்சுப் பாத்துரலாம்."

திரும்பி என்னைப் பார்த்தாள். தையல் போட்ட இடத்தில் உதடு இன்னும் கொஞ்சம் தடித்திருக்கிறது, சிரித்தால் தெரிகிறது. பேட்டரி ஏறும்வரை மலைப்பக்கமாக ஒரு பெரிய வட்டம் அடித்தாள். பிறகு, இந்தத் தடவை என்னைக் கேட்காமலே, அணைத்தாள்.